பாதிப் படியில் நின்ற கண்ணாடி

அத்தியாயம் ஒன்பது

தும்மல் போட்ட தம்பிக்கு முதுகு பிடித்துக்கொண்டது. சென்ற வாரம் அங்கேதான் நின்றிருந்தோம். தும்மியது என்னவோ அவன்தான். ஆடிப்போனது, கண்ணாடி தூக்க அவனை நம்பியிருந்த அக்கா வீடு.

காரணம் இல்லாமல் இல்லை. கதவு உயரத்துக்கு ஒரு நிலைக்கண்ணாடி, அறுத்து, ஓரம் தேய்த்து, கடையின் பின்னறையில் கம்பளி போர்த்திக்கொண்டு நிற்கிறது. இன்று காலை அதைப் பக்கத்துத் தெரு அழகு நிலையத்தின் முதல் மாடிக்கு ஏற்றியாக வேண்டும். கண்ணாடி தூக்க இரண்டு பேர் வேண்டும். கடையில் இருப்பதோ ஒன்றரைப் பேர்.

அந்த ஒன்று, அக்கா எறும்பு. கணவர் வைத்த பெயர். மேஜைக்குப் பின்னால் நின்றால் தலை மட்டும் தெரியும் உயரம். தூக்குவதெல்லாம் தன்னைவிடப் பெரிய சமாச்சாரம்.

மீதி அரை, அவள் கணவர். கண்ணாடி அறுக்கும் வைரமுனையைக் காதோரம் பென்சில்போலச் செருகிக்கொண்டு திரிந்ததால் தெருவே அவருக்கு வைரம் என்று பெயர் வைத்திருந்தது. சில மாதங்களுக்கு முன் ஒரு காலையில் அந்த வைரமுனை அவர் வலது கையிலிருந்து நழுவி விழுந்தது. பின்னாலேயே அவரும் விழுந்தார். பக்கவாதம் என்றார்கள். கட்டில், சக்கர நாற்காலி, கைத்தடி எல்லாம் பார்த்துவிட்டு இப்போது தடி இல்லாமல் நடக்கிறார். காலும் கையும் திரும்பி வந்துவிட்டன. வாயின் வலது ஓரம் மட்டும் கொஞ்சம் சரிந்தே நின்றுவிட்டது.

ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்த்த பெண், இவர்கள் வீட்டுக்குக் கிளம்பும்போது மூன்று விஷயம் சொன்னாள். பயிற்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். களைப்பு வரும் முன்பே உட்காருங்கள், ஓய்வும் பயிற்சியில் சேர்த்திதான். வாய், கை, பேச்சு எதிலாவது மாற்றம் தெரிந்தால் வீட்டில் இருப்பவர்கள் உடனே கவனியுங்கள்.

வைரம் முதலாவதை எடுத்துக்கொண்டார். எறும்பும் மகளும் மூன்றாவதை எடுத்துக்கொண்டார்கள். நடுவில் சொன்னதை எடுத்துக்கொள்ள ஆளில்லாமல் அது ஆஸ்பத்திரி நாற்காலியிலேயே கிடந்துவிட்டது.

அதனால் இந்த வீட்டில் நடப்பது இதுதான்.

"அப்பா, சிரிங்க."

குளித்துவிட்டு வந்து, சட்டைப் பித்தானைக்கூட முழுதாகப் போடாமல், நாற்காலியில் கண்ணை மூடியிருந்த வைரம் திடுக்கிட்டு விழித்தார். எதிரே மகள், கைப்பையைத் தோளில் மாட்டியபடி. அடுத்த தெரு செல்போன் கடையில் வேலை. அப்பாவைச் சிரிக்கவைக்காமல் வேலைக்குக் கிளம்புவதில்லை.

"இப்பத்தானே சிரிச்சேன்?"

"அது பல் விளக்கும்போது. இது வேற."

சிரித்தார். கல்யாணப் போட்டோவிலேயே பஸ்ஸுக்கு நிற்பவர்போல நிற்கும் மனிதர் அவர். ஆயுள் முழுக்கச் சேர்த்து வைத்த சிரிப்பையெல்லாம் இந்த வீடு அவரிடம் இப்போது தவணையில் வசூலித்துக்கொண்டிருந்தது.

"ரெண்டு கையையும் தூக்குங்க. சரி. ஏதாவது ஒரு வரி பேசுங்க."

"உன்னைக் கட்டிக்கப் போறவன் பாவம்."

"பேச்சு தெளிவா இருக்கும்மா!" என்று சமையலறைப் பக்கம் அறிவித்துவிட்டு மகள் செருப்பை மாட்டினாள்.

எறும்பு வாசல்வரை வந்து மகளை வழியனுப்பிவிட்டுத் திரும்பினாள். வைரத்தின் கண்கள் மறுபடி மூடியிருந்தன. மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தாள். இறங்கியது. ஏற வேண்டுமே, ஏறவில்லையே, இதோ, ஏறியது. ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"என்னங்க, கடைச் சாவி எங்க வச்சீங்க?"

சாவி அவள் கையில்தான் இருந்தது.

"உன் கையில," என்றார் கண்ணைத் திறக்காமல்.

"அட, ஆமாம்," என்றாள். நிம்மதியாக இருந்தது. அவர் முகத்தில் நிம்மதி ஏதும் இல்லை என்பதை அவள் கவனிக்கவில்லை. வாய்க்கோணல் தெரிகிறதா என்றுதான் பார்த்தாள்.

இருவரும் கடைக்கு வந்து ஷட்டரைத் தூக்கியதும் போன் அடித்தது. அழகு நிலையத்துக்காரி.

"அக்கா, கண்ணாடி வந்திடும்ல? முதல் நாளே கண்ணாடி இல்லாம எப்படிக்கா கடை திறக்கிறது? வர்றவங்க முகத்தை நானா பார்த்துச் சொல்ல முடியும்?"

"வந்திடும்மா," என்றாள் எறும்பு. போனை வைத்துவிட்டுத் தம்பிக்கு அடித்தாள். "அக்கா, படுத்தா நிமிர முடியல, நிமிர்ந்தா படுக்க முடியல," என்றான் அவன். "அப்ப நீ இப்ப எப்படிடா இருக்க?" என்று கேட்டதும் போனை வைத்துவிட்டான்.

பின்னறையிலிருந்து வைரத்தின் குரல் வந்தது. "நான் இருக்கேன்ல?"

"நீங்க இருக்கணும்னுதான் வேண்டாங்கறேன்."

"ஒரு மாடி. ஒரே ஒரு கண்ணாடி."

"பிசியோ பொண்ணு என்ன சொல்லுச்சு?"

"கூட்டச் சொல்லுச்சு. கூட்டிட்டுத்தான் இருக்கேன். உனக்குத் தெரியாது." அவர் முக்காலியைக் காட்டினார். "நீ வாடிக்கைக்காரங்ககிட்ட பேசிட்டு இருக்கப்ப இதுல உட்கார்ந்து எழுந்திரிக்கிறேன். காலைப் பாரு. கட்டை மாதிரி இருக்கு."

எறும்பு காலைப் பார்க்கவில்லை. அவர் கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பைப் பார்த்தாள். ஆனால் அந்தக் குரலில் பழைய கடைக்காரர் பேசினார். எத்தனையோ நாளாகக் கேட்காத குரல். வேண்டாம் என்று சொன்னால் அது மறுபடி உள்ளே போய்விடுமோ என்று ஒரு பயம். சொல்லாவிட்டால் வேறொரு பயம். இரண்டு பயத்துக்கும் நடுவில் நின்றவள், குறைந்த சத்தம் போட்ட பயத்துக்குத் தலையாட்டினாள்.

"ஆனா கீழ்ப்பக்கம் நான்தான் பிடிப்பேன்."

அவர் முகம் சுருங்கியது. படியேறும்போது கீழே நிற்பவருக்குத்தான் கனம். கல்யாணமான நாளிலிருந்து கீழ்ப்பக்கம் அவருடையது.

"கண்ணாடி நழுவினா உன் மேலதான் வரும்," என்றார்.

"நழுவவிடாதீங்க."

கண்ணாடியைத் தள்ளுவண்டியில் கம்பளி சுற்றி, கயிறு கட்டி, தெரு முழுக்க எறும்பே தள்ளினாள். வைரம் ஒரு கையைக் கண்ணாடி மேல் வைத்தபடி கூடவே நடந்தார். பிடித்துக்கொண்டு வந்தாரா, பிடிமானத்துக்கு வைத்திருந்தாரா என்று அவளுக்குக் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

அந்தக் கட்டடத்தின் படிக்கட்டு குறுகல். பாதி ஏறியதும் ஒரு திருப்பம், அங்கே இரண்டு பேர் நிற்க இடம், அப்புறம் மீதிப் படிகள். கம்பளியை அவிழ்த்து எறும்பு தோளில் போட்டுக்கொண்டாள். கையுறை மாட்டினார்கள். கண்ணாடியில் ரப்பர் கைப்பிடிகளை அழுத்தி ஒட்டினார்கள்.

கண்ணாடி தூக்குகிறவர்கள் வாயை மூடக்கூடாது. இது அந்தத் தொழிலின் சட்டம். மேலே இருப்பவர் ஒவ்வொரு படிக்கும் "சரியா?" என்பார், கீழே இருப்பவர் "சரி" என்பார். யாருக்காவது முடியவில்லை என்றால் "வை" என்று ஒரு சொல். கேட்டவர் ஏன் என்று கேட்காமல் உடனே இறக்க வேண்டும். இருவரும் சேர்ந்து தூக்கிய இத்தனை வருஷத்தில் வைரம் ஒரு தடவைகூட "வை" சொன்னதில்லை. அது அவருக்குப் பெருமை. இன்று எறும்பு அந்தப் பெருமையை நினைத்துக் கைப்பிடியை இன்னொரு தரம் அழுத்திப் பார்த்தாள்.

"சரியா?"

"சரி."

"சரியா?"

"சரி."

கண்ணாடியின் விளிம்புக்கு இந்தப் பக்கம் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் சுவரும் அவர் செருப்பும்தான். இடது செருப்பு படியைத் தொட்டது. வலது செருப்பு கொஞ்சம் உரசிக்கொண்டு வந்து தொட்டது. கனம் முழுவதும் மணிக்கட்டில் இறங்கியது.

"சரியா?"

"சரி."

அடுத்த "சரியா" கொஞ்சம் தாமதமாக வந்தது. அதற்கு அடுத்தது பாதிதான் வந்தது. "ச..." என்று தொடங்கி மூச்சோடு கலைந்தது.

வலது செருப்பு எழும்பவில்லை.

அவள் அடுத்த சொல்லுக்குக் காத்திருந்தாள். கண்ணாடி அவள் பக்கம் ஒரு விரல் அகலம் சரிந்தது. இதற்குத்தான் அவள் பயந்தாள் என்று சொல்ல முடியாது. கண்ணாடியைப் பற்றி அவள் நினைக்கவே இல்லை.

"வை," என்றாள்.

அவர் கைகளுக்குப் பழைய புத்தி இருந்தது. கேள்வி கேட்காமல் இறக்கின. திருப்பத்துக்கு இரண்டே படி பாக்கி. எறும்பு பல்லைக் கடித்து, நெஞ்சால் முட்டுக்கொடுத்து, எப்படியோ கண்ணாடியைத் தள்ளித் திருப்பத்தில் ஏற்றிச் சுவரில் சாய்த்தாள். குனிந்து அடியில் ரப்பர் துண்டுகளைச் செருகினாள். வழுக்காது என்று உறுதியானதும் நிமிர்ந்தாள்.

எதிரே கண்ணாடியில், அவள் தோளுக்குப் பின்னால், வைரம் மேலே போகும் முதல் படியில் உட்கார்ந்திருந்தார். தலை சுவரில் சாய்ந்திருந்தது. கண் பாதி மூடியிருந்தது. வாய் ஓரம் நன்றாகத் தொங்கியிருந்தது.

அவளுக்கு அந்தச் சரிவு மனப்பாடம். தினமும் எதிரே நின்று பார்க்கிறவள். எப்போதும் அவளுக்கு இடப்பக்கமாகத் தெரிவது அது. இப்போது வலப்பக்கம் தொங்கியது.

மற்றப் பக்கமும் போய்விட்டது.

"ஐயோ!" என்று கத்தியது தான்தான் என்று அவளுக்கு அப்புறம்தான் தெரிந்தது. கையுறையோடு போனை எடுத்து, அது வேலை செய்யாமல், பல்லால் கையுறையை உருவிப்போட்டு, மகளை அழைத்தாள். "இந்தப் பக்கமும் போயிடுச்சுடி! நல்லா இருந்த பக்கமும் போயிடுச்சு! அழகு நிலையத்துப் படியில! ஓடி வா!"

அப்புறம்தான் திரும்பி அவரை நேராகப் பார்த்தாள்.

வாய் அதே வலது ஓரத்தில்தான் சரிந்திருந்தது. வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக. அவ்வளவுதான்.

ஆயுள் முழுக்கக் கண்ணாடி விற்றவள். "வலது இடதாத் தெரியும், இடது வலதாத் தெரியும், பழகிடும்மா" என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாள்! அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னங்க... சிரிங்க."

"மாட்டேன்."

"சிரிங்கங்க, கெஞ்சிக் கேட்கிறேன்."

"கத்தாத." குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. ஆனால் சொல் சொல்லாக வந்தது. "ஒண்ணுமில்ல. ஷட்டரை இழுத்து மூடின மாதிரி இருக்கு. தினமும்தான் மூடுது. நான் சொல்றதில்ல."

"ஏன் சொல்றதில்ல?"

"களைப்பா இருக்குன்னா நீ சிரிக்கச் சொல்ற. கண்ணை மூடினா அவ கையைத் தூக்கச் சொல்றா. சாவியைக் கையில வச்சுக்கிட்டே சாவி எங்கங்கற." நிறுத்தி மூச்சு வாங்கினார். "நான் தூங்கி எத்தனை நாளாச்சு தெரியுமா? குளிச்சு முடிக்கறதுக்குள்ளயே அன்னிக்கு இருக்கறதெல்லாம் செலவாயிடுது. அதுக்கு மேல முக்காலி. அதுக்கு மேல உங்க பரீட்சை. கொஞ்ச நேரம்... இங்கயே... எழுப்பாத."

எழுப்பாதே என்றவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கண்ணை மூடினார்.

எறும்பு தோளிலிருந்த கம்பளியை மடித்து அவர் தலைக்கும் சுவருக்கும் நடுவில் வைத்தாள். கை தன்னால் அவர் தோளை உலுக்கப் போனது. இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அது மறுபடி கிளம்பியது. மற்றக் கையால் பிடித்து உட்கார்த்தினாள்.

மேலே கதவு திறந்தது. "அக்கா, வந்தாச்சா கண்ணாடி?"

"ஷ்ஷ்!"

"ஏன்க்கா, கண்ணாடி தூங்குதா?" என்று எட்டிப் பார்த்த அழகு நிலையத்துக்காரி, கீழே கிடந்த கோலத்தைப் பார்த்துவிட்டு, வந்த வாக்கியத்தை விழுங்கிக்கொண்டு ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு கால்விரல் நுனியில் நடந்து திரும்பிப் போனாள்.

மகள் வந்தாள். இரண்டு தெரு ஓடி வந்த மூச்சோடு படியேறி, "அப்பா, சிரி..." என்று தொடங்கியவளின் வாயை எறும்பு பொத்தினாள்.

"எழுப்பாத."

"நீதானே போன்ல..."

"கண்ணாடியில பார்த்துத் தொலைச்சேன்டி. பக்கம் மாறித் தெரிஞ்சது."

மகள் அம்மாவைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை விவரிக்க இந்த அத்தியாயம் போதாது. "அம்மா, நீ கண்ணாடிக்கடை வச்சிருக்க."

"தெரியுதுடி. பேசினாரு, தெளிவாப் பேசினாரு. களைப்புங்கறாரு. நாம தூங்கவே விடலையாம்."

"ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேனே."

"வேண்டாம்னு சொல்லிடு."

"நீ டாக்டரா?"

"நீ டாக்டரா?"

இரண்டு பேரும் டாக்டர் இல்லாததால் வாதம் அங்கேயே நின்றது. மகள்தான் தணிந்த குரலில் சொன்னாள். "களைப்பாவே இருக்கட்டும்மா. வந்து பார்க்கட்டும். பார்த்துட்டு ஒண்ணுமில்லன்னா திட்டிட்டுப் போகட்டும். திட்டு வாங்கறது நமக்குப் புதுசா?"

நியாயம்தான். எறும்பு தலையாட்டினாள். "வரட்டும். ஆனா அவங்க வர்ற வரைக்கும் நீ வாயைத் திறக்கக்கூடாது. நானும் திறக்கமாட்டேன்."

இருவரும் அவர் காலடியில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். மார்பு ஏறியது. இறங்கியது. ஒருத்தர் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது இவ்வளவு பயங்கரமான வேலை என்று எறும்புக்கு இதுவரை தெரியாது. எழுப்பினால் தெரிந்துவிடும். ஒரு கேள்வி, ஒரு பதில், முடிந்தது பயம். எழுப்பாமல் இருந்தால் பயம் முழுவதும் அவளுடையது, தூக்கம் அவருடையது. மகளின் விரல்கள் அம்மாவின் முழங்கையைக் கவ்வியிருந்தன. வலித்தது. அவள் விடுவிக்கவில்லை.

குறட்டை ஒன்று கிளம்பியது. எறும்புக்கு அழுகை வந்தது.

ஆம்புலன்ஸ்காரர் பெட்டியோடு படியேறி வந்தார். கண்ணாடியில் தன்னைப் பார்த்து, தன்னையறியாமல் முடியை ஒதுக்கிக்கொண்டு, அப்புறம் நோயாளியைத் தேடினார். வேறு வழியில்லாமல் வைரத்தை எழுப்பியது அவர்தான். கண்ணில் விளக்கடித்தார். கையை நீட்டச் சொன்னார், காலை உயர்த்தச் சொன்னார், விரலைப் பிடித்து அழுத்தச் சொன்னார்.

"சிரிங்க ஐயா."

"நீங்களுமா?" என்றார் வைரம்.

சிரித்தும் காட்டினார். ஆம்புலன்ஸ்காரர் ரத்த அழுத்தம் பார்த்தார். "கொஞ்சம் ஏறியிருக்கு. கனம் தூக்கினதா இருக்கலாம். புதுசா எதுவும் எனக்குத் தெரியலம்மா. இந்த நோய் வந்தவங்களுக்கு இந்தக் களைப்பு சகஜம்தான். இருந்தாலும் டாக்டர் பார்த்திடட்டும். அவசரமில்ல, மெதுவாவே போகலாம்."

மெதுவாகவே போகலாம். அந்த இரண்டு வார்த்தையை எறும்பு சர்க்கரைபோல வாயில் வைத்துக்கொண்டாள்.

நாற்காலியில் உட்காரவைத்து வைரத்தை இறக்கினார்கள். மகள் கண்ணாடிக்குக் காவலாக நின்றாள். எறும்பு வண்டியில் ஏறி அவர் தலைமாட்டில் உட்கார்ந்தாள். வண்டி தெருவில் ஊர்ந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு சைக்கிள்காரர் அவர்களை முந்திப் போனார். அதுகூட அவளுக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

"இனிமே மத்தியானம் கடையைச் சாத்திடறோம்," என்றாள். "நீங்க தூங்குங்க. நான் வெளிய உட்கார்ந்துக்கறேன். உங்க பக்கமே வரமாட்டேன்."

"வரமாட்டியா, நீ?"

"கதவு இடுக்கில பார்ப்பேன். அவ்வளவுதான்."

அவர் வாயின் இடது ஓரம் யாரும் கேட்காமலே மேலே போனது.

ஆம்புலன்ஸ்காரர் தாளில் எதையோ குறித்தபடி கேட்டார். "மாத்திரையெல்லாம் ஒழுங்காப் போடறாரா?"

"நானே கையில குடுத்து, தண்ணியும் குடுத்து, பக்கத்துலயே நிற்பேன்," என்றாள் எறும்பு. இன்று அவள் பெருமையாகச் சொல்ல முடிந்த ஒரே விஷயம் அது.

வைரம் வண்டியின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா?"

"போட்டுக்குவேன்," என்றார் வைரம். "அவ அந்தப் பக்கம் போனதும் துப்பிடுவேன்."

எறும்புக்கு முதலில் புரியவில்லை. "எதை?"

"அதுதான் தூக்கத்தைக் குடுக்குதுன்னு நினைச்சேன். அதை விட்டா களைப்பு போயிடும்னு. கண்ணாடி தூக்கலாம்னு."

"எங்க துப்பினீங்க? தினமும் கூட்டறேனே, ஒரு மாத்திரை கண்ணுல படலையே."

"உடைஞ்ச கண்ணாடி போடற டப்பாவுல. அதுலதான் யாரும் கைவிட மாட்டாங்க."

ஆம்புலன்ஸ்காரர் எழுதுவதை நிறுத்தியிருந்தார். "எந்த மாத்திரை ஐயா? பிரஷர் மாத்திரையா, ரத்தம் உறையாம இருக்கக் குடுத்ததா?"

"எது தூக்கம் குடுக்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் வைரம். "எல்லாத்தையும்தான்."

"எவ்வளவு நாளா?"

"மறுபடி கடைக்கு வர ஆரம்பிச்சதுலேர்ந்து."

எறும்பு ஆம்புலன்ஸ்காரரின் முகத்தையே பார்த்தாள். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ரத்த அழுத்தப் பட்டையை எடுத்து வைரத்தின் கையில் மறுபடி சுற்றினார். காற்று ஏறியது. முள் எங்கே நின்றதோ, அதைப் பார்த்துக்கொண்டே மற்றக் கையை நீட்டி, டிரைவருக்குப் பின்னால் இருந்த தகட்டை இரண்டு தட்டுத் தட்டினார்.

அதுவரை ஊர்ந்து வந்த வண்டி சைரன் போட்டது.